துணைநிரல்களும் தமிழ் எழுத்தும்

தோற்றுவாய்

பங்சார் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு பயிலும் மாணவனைக் கேட்டால், ப, ங், சா, ர் என விரல்மடக்கி எண்ணி நான்கு என்பான். அதே பெயரைச் 'சி' என்னும் நிரல்மொழியில் எழுதப்பெற்ற நிரலிடம் கொடுத்து நீளம் கேட்டால் 21 என்று விடை வரும். 'பைத்தான்' என்னும் நிரல்மொழியின் இன்றைய வடிவத்தைக் கேட்டால் 7 என்னும். மூன்று விடைகளுள் மாணவன் தரும் விடையே இலக்கணத்திற்கு ஒத்தது. கோடிக்கணக்கான கணக்குகளை இமைப்பொழுதில் முடிக்கும் பொறி, நான்கெழுத்துச் சொல்லை எண்ணுமிடத்துத் தடுமாறுவது ஏன்? அத்தடுமாற்றத்தைத் தமிழர் எவ்வாறு கடந்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்சார் இன்று கோலாலம்பூரின் வளமிக்க குடியிருப்புகளுள் ஒன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தோட்டத்தோடு தொடர்புடைய புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பியர் இருவரின் பெயர்கள் இணைந்து மருவியே பங்சார் என்றாயிற்று என்பர். இப்பெயரைத் தமிழில் எழுதுவதிலேயே ஒரு நுட்பம் உண்டு. அதன் முதலெழுத்தின் அதிர்வொலிக்குத் தமிழில் தனி வடிவம் இல்லை. பகரமே அதற்கும் நின்று உதவுகிறது. ஙகர ஒற்றின்பின் வேறு மெய் வருமாயின் அது ககரமாகவே இருத்தல் பழைய மரபு. இப்பெயரிலோ சகரம் வந்துள்ளது. ஆக, தன்னிடம் இல்லாத ஒன்றை, இருப்பவற்றைக் கொண்டே ஆக்கிக்கொள்ளுதல் தமிழுக்குப் புதிதன்று. வடசொற்களைத் தமிழெழுத்தால் எழுதிக்கொள்ளும் நெறியைத் தொல்காப்பியரே வகுத்துள்ளார். அந்நெறியையே பின்வந்தோர் பொறிகளிடத்தும் கையாண்டனர் எனலாம்.

துணைநிரல் என்பது யாது?

பெருக்கல் கணக்கைச் செய்யப் புகும் மாணவன் ஏழை எட்டு முறை கூட்டிக்கொண்டிருப்பதில்லை. வாய்பாட்டை ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் அதனைத் துணைக்கு அழைக்கிறான். நிரல் எழுதுவோரும் இவ்வாறே செய்வர். மீண்டும் மீண்டும் வேண்டப்படும் செயலைத் தனியே ஒரு சிறு நிரலாக எழுதி, அதற்குப் பெயரிட்டு, வேண்டுமிடத்தில் அப்பெயரால் அழைத்துக்கொள்வர். இதுவே துணைநிரலாகும்.

இதன் வரலாறு கணினியின் வரலாற்றோடு ஒட்டிப் பிறந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு மே மாதம் 'எட்சாக்' என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் அதற்கெனத் துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் எழுதி, நூலகம்போல் அடுக்கி வைத்தனர். இம்முறையை விளக்கி அவர்கள் எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது. பொறியில் இயல்பாக அமையாத செயல்களை அந்நாடாக்கள் நிறைவு செய்தன.

நிரல்மொழிகள் தோன்றிய பின்னரும் குறைகள் நீங்கவில்லை. 1957இல் வெளிவந்த 'ஃபோர்ட்ரான்' கணக்கிற்கென ஆக்கப்பட்ட மொழி. எழுத்துகளைக் கையாளுவதற்கென்று தனி வகை அதில் இல்லை. எண்களுக்குரிய இடத்திலேயே எழுத்துகளைத் திணித்துவைத்து, அவற்றைப் பிரிக்கவும் சேர்க்கவும் துணைநிரல்கள் எழுதிக்கொண்டனர். 'ஃபோர்ட்ரான் 77' என்னும் தரத்தில்தான் எழுத்துக்குரிய வகை இடம்பெற்றது. டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியிலும் சொற்றொடருக்கெனத் தனி வகை இல்லை. அதன் நீளத்தை அறியவும், இரண்டை ஒன்றாக்கவும், ஒப்பிடவும் நூலகத் துணைநிரல்களே உதவுகின்றன. ஆங்கில மொழிக்கே இந்நிலை எனில், உயிரும் மெய்யும் கூடி ஓரெழுத்தாகும் தமிழின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நகரா விசை

தமிழைப் பொறிக்குள் புகுத்தும் முயற்சி கணினிக்கு முன்பே தட்டச்சுப் பொறியில் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்த இரா. முத்தையா, இளமையில் மலாயாவிற்கு வந்து பல்லாண்டு பணியாற்றியவர். தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படுபவர் அவரே. ஆங்கிலப் பொறியைத் தமிழுக்கு ஆக்க முனைந்த அவர்முன் இரண்டு இடர்கள் நின்றன. தமிழ் எழுத்துகளோ 247; பொறியிலோ நூற்றுக்கும் குறைவான வடிவங்களுக்கே இடமிருந்தது. இது முதல் இடர். ஒரு விசையை அழுத்தியவுடன் பொறியின் வண்டி ஓரிடம் நகர்ந்துவிடும். ஆகவே எழுத்தின் தலைமேல் புள்ளியையோ இகரக் குறியையோ இட இயலாது. இஃது இரண்டாம் இடர்.

முத்தையா கண்ட தீர்வு எளிமையானது; ஆயினும் கூர்மையானது. சில விசைகளை அழுத்தினால் குறி மட்டும் பதியும், வண்டி நகராது. அடுத்து மெய்யின் விசையை அழுத்தினால் அது குறியின்கீழ் வந்து பொருந்தும். பிறகே வண்டி நகரும். இதனை நகரா விசை என்றனர். 'தமிழ்' என்று அடிக்க வேண்டுமாயின், தகரத்தை அடுத்து முதலில் இகரக் குறி, பிறகு மகரம். முதலில் புள்ளி, பிறகு ழகரம் என்னும் முறையில் கை இயங்கும். எழுதும் முறைக்கு இது மாறானதே. எனினும் தாளில் பதியும் வடிவம் பிழையற்றது. 1930களில் அவர் அமைப்பின்படி செருமனியில் பொறிகள் செய்யப்பெற்றன. 'பிஜோ', 'ஐடியல்' முதலிய பெயர்களில் அவை தமிழர் அலுவலகங்களில் இடம்பெற்றன.

பொறியின் இயல்பை மாற்ற அவரால் இயலவில்லை. தமிழின் இயல்பை மாற்ற அவர் விரும்பவில்லை. இரண்டிற்கும் இடையே ஒரு துணையை நிறுத்தினார். பின்னாளில் கணினியில் தமிழர் எழுதிய துணைநிரல்கள் யாவற்றிற்கும் நகரா விசையே முன்னோடி என்றால் அது மிகையாகாது. பொறியின் குறையை ஈடுசெய்ய எழுத்தின் வடிவையே திருத்துதல் மற்றொரு வழி. தமிழக அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவை ஒழுங்குபடுத்தியது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதனைப் பின்பற்றின. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அதனால் எளிமை கிட்டியது. ஆயினும் உயிர்மெய்யைக் குறித்த அடிப்படை வினா எஞ்சியே நின்றது.

தனித்தனித் துணைகளின் காலம்

1980களில் மேசைக் கணினிகள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வரத் தொடங்கின. அக்காலக் கணினி ஒவ்வோர் எழுத்தையும் 0 முதல் 255 வரையிலான எண்களுள் ஒன்றாகவே அறியும். முற்பாதியாகிய 128 எண்களும் ஆங்கிலத்திற்குரியன. பிற்பாதியில் தமிழை அமைத்தல் வேண்டும். 247 எழுத்துகளை 128 இடங்களில் அடக்குவது எவ்வாறு?

மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தளித்த கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் இவர். இம்முயற்சி பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்து, இணையத்தின் வழியாக உலகத் தமிழரை எட்டியது. இதே காலத்தில் பிற நாடுகளிலும் இத்தகு முயற்சிகள் நடந்தன. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கலியாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கி அளித்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். ஒவ்வொருவரும் தம் கையிலிருந்த பொறியின் குறையைத் தம் அறிவால் நிறைத்தனர்.

இங்கே ஒரு சிக்கல் முளைத்தது. ஒருவர் ககரத்திற்குக் கொடுத்த எண்ணை மற்றொருவர் மகரத்திற்குக் கொடுத்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் எழுதிய மடல், வேறோர் எழுத்துருவைக் கொண்ட நண்பரின் திரையில் பொருளற்ற குறிகளின் குவியலாய்த் தோன்றியது. அதனைத் தீர்க்க ஒரு குறியீட்டிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும் துணைநிரல்கள் எழுந்தன. பத்துக் குறியீடுகள் இருப்பின், ஒவ்வொன்றிலிருந்தும் ஏனைய ஒன்பதிற்கும் நேரே மாற்றுவதற்குத் தொண்ணூறு மாற்றிகள் வேண்டும்! குறையைத் தீர்க்கப் பிறந்த துணைகளே புதிய குறையாகிவிட்டன.

பொதுத்தரம் ஒன்றின் இன்றியமையாமையை அறிஞர்கள் அப்போது உணர்ந்தனர். மின்னஞ்சல் குழுவொன்றில் பல நாட்டுத் தமிழர் கூடிப் பேசி 'திஸ்கி' என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து 'தாம்', 'தாப்' என்னும் குறியீடுகளும் 'தமிழ்99' விசைப்பலகையும் ஏற்கப்பெற்றன. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2001 ஆகஸ்டில் அதன் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. தனித்தனித் துணைகளின் காலம் மறைந்து, பொதுத்துணையின் காலம் தோன்றலாயிற்று.

ஒருங்குறியும் அதன் வெற்றிடங்களும்

உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே குறியீடு என்னும் கொள்கையோடு ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய எழுத்துகளுக்கென இந்திய அரசு வகுத்த குறியீடே இதற்கு அடிப்படை. தேவநாகரியின் வரிசையில் எந்த எழுத்து எங்கு நிற்குமோ, அதற்கு நேரான தமிழெழுத்தும் அதே இடத்தில் நிறுத்தப்பெற்றது. வடமொழியில் ககர வருக்கத்திற்கு நான்கு எழுத்துகள் உண்டு, தமிழுக்கு ஒன்றே. ஆகவே ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே மூன்று இடங்கள் இன்றும் வெற்றிடமாய்க் கிடக்கின்றன.

உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் தனித்தனிக் குறியெண் பெற்றன. க முதல் ன வரையான பதினெண் எழுத்துகளும் அகரம் ஏறிய நிலையிலேயே குறியெண் பெற்றன. கா, கி, கீ முதலிய உயிர்மெய்களுக்கும் க், ங் முதலிய மெய்களுக்கும் தனி எண் இல்லை. துணைக்கால், கொம்பு முதலிய துணையெழுத்துகளுக்கும் புள்ளிக்குமே எண் கொடுத்தனர். ஆகவே 'சா' என்பது கணினிக்கு இரண்டு குறியெண், சகரமும் துணைக்காலும். 'ங்' என்பதும் இரண்டு, ஙகரமும் புள்ளியும். தொடக்கத்தில் கண்ட 'பங்சார்' என்னும் சொல்லில் ஏழு குறியெண்கள் இருப்பது இதனால் விளங்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணையும் சேமிக்க இன்றைய பொதுமுறையில் மூன்று பைட்டுகள் வேண்டும். ஏழை மூன்றால் பெருக்க 21. சி மொழி எண்ணியது பைட்டுகளை. பைத்தான் எண்ணியது குறியெண்களை. மாணவன் எண்ணியது எழுத்துகளை. பொறிகள் தத்தம் அளவில் சரியாகவே எண்ணின. எழுத்து என்னும் கருத்துத்தான் அவற்றிடம் இல்லை.

இதில் வியப்புக்குரிய மற்றொன்றும் உண்டு. அகரம் ஏறிய மெய்யை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியிட்டு மெய்யாக்குவது குறியீட்டாளர் கொண்ட முறை. உயிரும் மெய்யும் முதலெழுத்து. அவை கூடிப் பிறப்பது உயிர்மெய் என்பது நன்னூல் கொண்ட முறை. முன்னது எழுதும் வடிவைப் பற்றியது. பின்னது ஒலியைப் பற்றியது. இவ்விரண்டிற்கும் இடையே பாலம் அமைப்பதே தமிழுக்குரிய துணைநிரலின் பணியாகும்.

எழுத்தைக் கண்டறியும் துணைநிரல்

எழுத்து என்னும் கருத்தை நிரல்மொழிக்குக் கற்பிக்கும் துணைநிரலின் அமைப்பை இலக்கணம் அறிந்தோர் எளிதில் உணரலாம். சொல்லின் குறியெண்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நோக்குக. வருவது உயிராகவோ, ஆய்தமாகவோ, அகரம் ஏறிய மெய்யாகவோ இருப்பின் புதிய எழுத்தைத் தொடங்குக. வருவது துணையெழுத்தாகவோ புள்ளியாகவோ இருப்பின் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்துவிடுக. இவ்விரு விதிகளே போதும். ப, ங, புள்ளி, ச, துணைக்கால், ர, புள்ளி என ஏழும் நான்காகும்.

எண்ணுவதோடு இதன் பயன் முடிவதில்லை. 'விகடகவி' என்னும் சொல் திருப்பிப் படிப்பினும் விகடகவியே என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். குறியெண்களைத் திருப்பும் நிரலோ அதனை ஏற்பதில்லை. வகரம், இகரக் குறி என்னும் வரிசை தலைகீழாகி, இகரக் குறி பற்றுக்கோடின்றிச் சொல்லின் முதலில் வந்து நிற்கும். இறுதியில் வெறும் வகரம் எஞ்சும். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தையும் இந்நிரல் மாலைமாற்று அன்று என்றே தள்ளிவிடும். முதலில் எழுத்துகளாகப் பிரித்து, பிறகு திருப்புமாறு துணைநிரலை அமைத்தால் இப்பிழை நேராது.

அகரவரிசையிலும் இத்தகு பிழை நேர்வதுண்டு. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எண்வரிசையை மட்டும் நம்பும் நிரல், வகுப்புப் பெயர்ப்பட்டியலில் கமலாவுக்கு முன்னே கனகாவை நிறுத்தும்; அகராதியில் அழகுக்கு முன்னே அறிவை வைக்கும். தமிழ் நெடுங்கணக்கோ மகரத்திற்குப் பின்னரே னகரத்தையும், ழகரத்திற்குப் பின்னரே றகரத்தையும் வைக்கிறது. நெடுங்கணக்கின்படி ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசையெண் கொடுத்து ஒப்பிடும் துணைநிரல் இதனைச் செம்மை செய்யும்.

புணர்ச்சியை எடுத்துக்கொள்வோம். 'பால்' என்பதோடு 'இல்' சேர்ந்தால் 'பாலில்' என்றாகும். உடலின்மேல் உயிர் வந்து ஒன்றுதல் என இலக்கணம் இதனைக் கூறும். கணினியிடத்து இதனை நிகழ்த்த லகரத்தின் புள்ளியை நீக்கி, இகரத்திற்குரிய துணையெழுத்தை இடவேண்டும். வருவது அகரமாயின் புள்ளியை நீக்குதலே போதும். இவ்வாறு மெய்யையும் உயிரையும் கூட்டவும், உயிர்மெய்யைப் பிரிக்கவும் இரண்டு துணைநிரல்கள் இருப்பின், சொல் திருத்தியும் அகராதியும் அமைப்போர் பாதி வழியைக் கடந்தவராவர்.

யாப்பிலும் இவை வேண்டப்படுகின்றன. கட்டளைக் கலித்துறையின் அடியொன்றில் ஒற்று நீங்கலாக, நேரசையில் தொடங்கினால் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்தும் அமைதல் வேண்டும். ஒற்றை இனங்கண்டு விலக்கும் துணைநிரல் இல்லாது பொறியால் இதனைச் சோதிக்க இயலாது. வினோத் ராசன் உருவாக்கிய 'அவலோகிதம்' என்னும் யாப்பு மென்பொருள், பாவின் எழுத்து, அசை, சீர், தளை ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

இத்தகு துணைநிரல்களை அனைவரும் எடுத்தாளுமாறு பொதுவுடைமையாக்கியோருள் முத்து அண்ணாமலை குறிப்பிடத்தக்கவர். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுதற்குரிய 'எழில்' என்னும் மொழியை அவர் உருவாக்கி, அதனை விளக்கும் கட்டுரையை 2009இல் வெளியிட்டார். அம்முயற்சியைத் தொடர்ந்து 'ஓப்பன் தமிழ்' என்னும் நூலகம் பலரது உழைப்பால் வளர்ந்தது. பைத்தான் மொழியில் எழுத்துகளைப் பிரித்தல், மெய்யுயிர் பிரித்தல், சேர்த்தல், அகரவரிசைப்படுத்தல் முதலியவற்றிற்கான துணைநிரல்கள் அதில் உள்ளன.

துணையின் எல்லை

துணைநிரல் எழுதுதல் எளிது. பிழையற எழுதுதல் அரிது. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக்குறி என ஒருவகை. ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் என மற்றொருவகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வெவ்வேறு. தேடும்போது ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமற் போகும். ஆகவே முதலில் இரண்டையும் ஒருவகையாக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

இதனினும் நுட்பமானது ஔகாரத்தின் சிக்கல். 'கௌரவம்' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என அடித்து 'கெளரவம்' என்று எழுதிவிடுகின்றனர். காண்பதற்கு வேறுபாடு புலப்படாது. கெகரத்தின்பின் ளகரம் வரும் இடமெல்லாம் கௌகாரமாக மாற்றுக என்று ஒருவர் துணைநிரல் எழுதினால் என்னாகும்? 'கெளுத்தி' என்னும் மீனின் பெயர் சிதைந்துபோகும். எங்கு ஔகாரம், எங்கு ளகரம் என்பதைச் சொல்லறிவே காட்டவல்லது. நிரலறிவு மட்டும் உடையார் இவ்விடத்தில் தடுக்கி விழுவர். தமிழாசிரியர் வேண்டப்படும் இடம் இதுவே.

இவ்வளவு துணைகள் எதற்கு? 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் இச்சிக்கலே எழாதே என்று வினவுவாரும் உளர். அவர்தம் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. அவ்வாறு எல்லா எழுத்துக்கும் எண் வழங்கும் 16 பிட் குறியீட்டை, ஒருங்குறிக்கு இடமில்லாத சூழல்களுக்கென, 2010இல் தமிழக அரசு ஏற்றது. அதில் மெய்யின் வரிசையும் உயிரின் நிரலும் கூட்டல் கணக்கால் உயிர்மெய்யைத் தரும். எழுத்துகளை எண்ணுதலும் எளிது. ஆயினும் உலகின் கணினிகளும் கைப்பேசிகளும் முன்னரே ஒருங்குறியை ஏற்றுவிட்டன. முன்னைய காலத்தில் பல குறியீடுகளால் தமிழர் பட்ட இடரை எண்ணுமிடத்து, குறையுடைய பொதுத்தரத்தில் நின்று துணைநிரல்களால் அக்குறையை நிறைத்தலே நன்று எனப் பெரும்பாலோர் கொண்டனர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. அங்கு ஏற்றப்பெற்ற இலக்கியங்கள் குறியீடுகள் மாறுந்தோறும் மாற்றப்பெற்று, இறுதியில் ஒருங்குறியில் நிலைபெற்றன. மாற்றித் தந்த துணைநிரல்கள் இன்று மறக்கப்பட்டன, நூல்கள் நிலைத்தன.

நல்ல துணைகள் நாளடைவில் மொழிக்குள்ளேயே இடம்பெறுவதும் உண்டு. ஒருங்குறி அவையம், பயன்படுத்துவோர் ஓரெழுத்தாகக் கருதும் குறியெண் தொகுதியை வரையறுத்து விதிகள் வகுத்தது. 2014இல் வெளிவந்த 'ஸ்விஃப்ட்' என்னும் நிரல்மொழி அவ்வரையறையை அடிப்படையாகக் கொண்டது. அதனிடம் 'பங்சார்' என்பதன் நீளம் கேட்டால் துணைநிரலின்றியே நான்கு என விடை வரும். பள்ளி மாணவன் தந்த விடைக்குப் பொறி வந்து சேர இத்துணைக் காலம் ஆயிற்று! எனினும் நெடுங்கணக்கு வரிசையும், மெய்யுயிர்ப் பகுப்பும், யாப்பும் எழுத்தை எண்ணுவதால் மட்டும் கைகூடுவன அல்ல. அவற்றிற்கான துணைகளைத் தமிழரே ஆக்குதல் வேண்டும்.

முடிவுரை

பங்சாரை அடுத்த லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1966 ஏப்ரலில், தனிநாயக அடிகளாரின் பெருமுயற்சியால், உலகத் தமிழ் ஆராய்ச்சியின் முதல் மாநாடு அங்குக் கூடியது. 2013 ஆகஸ்டில் உத்தமத்தின் தமிழிணைய மாநாடும் அங்கேயே நடைபெற்றது. முன்னதில் இலக்கணமும் இலக்கியமும் வரலாறும் ஆராயப்பெற்றன. பின்னதில் கணினித் தமிழ் ஆராயப்பெற்றது. இரண்டும் வெவ்வேறு துறை எனத் தோன்றினும், எழுத்து என்பது யாது என்னும் வினாவில் அவை ஒன்றுகூடுகின்றன.

இவ்வரலாறு காட்டும் உண்மைகள் சில. கருவியில் ஒன்று இல்லை என்பதால் மொழியில் அது வேண்டா என்றாகாது. முத்தையாவின் நகரா விசை இதற்குச் சான்று. தனக்கெனத் தான் ஆக்கிக்கொள்ளும் துணை, பகிரப்படாதபோது பிரிவினையாக மாறும். எழுத்துருக் குழப்பம் இதற்குச் சான்று. துணைநிரலின் செம்மை அதனை எழுதுவோரின் மொழியறிவைப் பொறுத்தது. கெளுத்தி மீனே இதற்குச் சான்று.

மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கத்தின் அடிப்படைகள் இடம்பெற்றுள்ளன. நிரல் எழுதக் கற்கும் அம்மாணவருக்கு, தம் பெயரின் எழுத்துகளை எண்ணுதலினும் பொருத்தமான பயிற்சி வேறில்லை. பொறி தரும் விடை தவறு என்பதை அவர்கள் முதலில் காணட்டும். ஏன் தவறு என்பதை இலக்கணப் பாடத்தில் தேடட்டும். பிறகு இரண்டே விதிகளால் அதனைத் திருத்தட்டும். உயிரையும் மெய்யையும் உயிர்மெய்யையும் தேர்வுக்காக மட்டும் கற்ற தலைமுறை, அவை பொறிக்கும் தேவைப்படுவதை அன்று உணரும். பொறி ஏழு என்றபோதும் நான்கே என்று துணிந்து கூறும் அறிவை மாணவரிடம் வளர்ப்பதே தமிழாசிரியரின் கடமையாகும்.